சாட்ஸ்வொர்த்தின் படிக்கட்டுகளும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் தமிழர்களுக்கும், வேலைக்காக இங்கே புதிதாக வந்து சேர்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தைப் பற்றி இந்த மதிப்புரையை எழுதுகிறேன். என் நிலையை முதலில் சொல்லிவிடுவது முறை. வார நாள்களில் நான் ஒரு நில அளவை அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் கைபேசியை எடுத்துக்கொண்டு சாட்ஸ்வொர்த்தின் தெருக்களில் நடந்து, இந்தத் திறந்த வரைபடத்தில் விடுபட்டவற்றைச் சேர்க்கிறேன். சம்பளத்துக்கு வரைபவர்களின் பழக்கமும் ஆர்வத்தால் வரைபவர்களின் பழக்கமும் ஒரே வாரத்தில் எனக்கு மாறிமாறி வாய்க்கின்றன. இந்த வரைபடத்தின் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் அந்த இரண்டு பழக்கங்களின் வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன என்பது என் அனுபவம்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவரால் தொடங்கப்பட்டது. கணக்குத் தொடங்கும் எவரும் அதில் சாலையைச் சேர்க்கலாம், பெயரைத் திருத்தலாம், தவறை நீக்கலாம். 2012 முதல் அதன் தரவு ஒரு திறந்த தரவுத்தள உரிமத்தின்கீழ் வருகிறது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட வேண்டும், தரவைத் திருத்தி வெளியிட்டால் அதே உரிமத்திலேயே வெளியிட வேண்டும். நாம் கைபேசியில் நிறுவுவது இந்தத் தரவின் மேல் கட்டப்பட்ட செயலிகளைத்தான். நான் நடப்பதற்கு ஆர்கானிக் மேப்ஸையும், விவரமாகப் பார்ப்பதற்கு ஓஸ்மாண்டையும் வைத்திருக்கிறேன். இரண்டிலும் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாமலேயே வழி காட்டும். மின்வெட்டு நேரங்களில் கைபேசிக் கோபுரங்களும் சேர்ந்து அணைந்துபோவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

சாட்ஸ்வொர்த்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இனவாரியாக வசிப்பிடங்களைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டத்தின்கீழ் டர்பன் நகரின் பல இடங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட இந்திய வம்சாவளிக் குடும்பங்களுக்காக 1960களில் உருவாக்கப்பட்ட குடியிருப்பு இது. உம்ஹ்லதுசானா ஆற்றுக்கும் உம்லாஸ் ஆற்றுக்கும் இடைப்பட்ட குன்றுகளின் சரிவுகளை வெட்டி, தட்டுத் தட்டாக வீடுகளைக் கட்டினார்கள். மேல் தெருவில் இருப்பவர் கீழ்த் தெருவுக்குக் காரில் போனால் வளைந்து வளைந்து நெடுந்தூரம் சுற்ற வேண்டும். நடந்து போனால் இரண்டு வீடுகளின் மதிலுக்கு நடுவே இறங்கும் ஒரு சிமெண்ட் படிக்கட்டு இரண்டே நிமிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும், கோயிலுக்குப் போகும் மூதாட்டிகளும், டாக்சி நிறுத்தத்துக்கு ஓடுகிறவர்களும் அந்தப் படிகளில்தான் நடக்கிறார்கள். கார் ஓட்டுபவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட வணிக வரைபடங்களில் எங்கள் பகுதியின் படிகள் பெரும்பாலும் இல்லை.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருக்கின்றன. எல்லாம் இல்லை, யாரோ ஒருவர் நடந்து பார்த்த இடங்களில் மட்டும் இருக்கின்றன. இருக்கும் இடங்களிலோ அவற்றின் விவரம் என்னை வியக்க வைக்கிறது. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்றொரு ஆண்ட்ராய்டு செயலி உண்டு. அதைத் திறந்துகொண்டு ஒரு படிக்கட்டின் அருகே நின்றால் அது நம்மிடம் கேள்வி கேட்கும்: இந்தப் படிகள் எந்தத் திசையில் மேலேறுகின்றன? கைப்பிடிக் கம்பி இருக்கிறதா? தெருவிளக்கு இருக்கிறதா? நாம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியதுதான், அது தரவாகிவிடுகிறது. எங்கள் கோயிலுக்குப் பின்னால் இறங்கும் படிக்கட்டில் மேல் பாதிக்குக் கம்பி உண்டு, கீழ்ப் பாதிக்குக் கிடையாது. முட்டி வலிக்காரர் ஒருவருக்கு இந்த வேறுபாடு அன்றாட வேதனை. ஆகவே அந்தப் படிக்கட்டை நடுவில் வெட்டி இரண்டு கோடுகளாக்கி, ஒன்றுக்குக் கம்பி உண்டு என்றும் மற்றொன்றுக்கு இல்லை என்றும் குறித்தேன். அதற்கு இருபது நிமிடம் ஆயிற்று. என் அலுவலகத்தில் இப்படி இருபது நிமிடத்தை ஒரு கைப்பிடிக் கம்பிக்காகச் செலவிட எந்த ஒப்பந்தமும் இடம் தராது. ஒப்பந்தத்தில் கேட்காததை வரைவது அங்கே பிழை, கேட்டதை விடுவது பெரும்பிழை.

இதனால் தொழில்முறையாளர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. அவர்களுடைய அக்கறை வேறோர் இடத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் நில எல்லையை அளந்து வரைந்து கையெழுத்திடுபவர் 2013ஆம் ஆண்டின் 19ஆம் எண் ஜியோமேட்டிக்ஸ் தொழில் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். எங்கள் மாகாணத்து எல்லை வரைபடங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் உள்ள தலைமை நில அளவையர் அலுவலகத்தின் ஒப்புதல் பெற வேண்டும். ஒரு மனையின் மூலைக்கல் எங்கே நிற்கிறது என்பதில் இரண்டு அண்டை வீட்டாரின் மதிலும் மனநிம்மதியும் அடங்கியிருக்கின்றன. அந்த இடத்தில் கைபேசியின் ஐந்து மீட்டர்த் துல்லியம் எதற்கும் உதவாது. வரைந்தவர் யார், எந்தத் தேதியில், எந்தக் கருவியால், எந்த ஆதாரப்புள்ளியிலிருந்து என்பதெல்லாம் தாளின் ஓரத்தில் இருந்தாக வேண்டும்.

தொழில்முறை உலகின் கட்டுப்பாடு எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும். இந்த நாட்டின் நில அளவை 1999 முதல் இடங்களின் ஆயத்தொலைகளைக் கணக்கிட ஹார்டபீஸ்ட்ஹூக்94 என்ற ஆதார முறையைப் பின்பற்றுகிறது; க்ரூகர்ஸ்டார்ப் அருகிலுள்ள வானொலித் தொலைநோக்கி நிலையத்தின் பெயர் அது. அதில் டர்பன் பகுதி 31ஆம் தீர்க்கரேகையை நடுவாகக் கொண்ட எல்ஓ31 என்னும் பட்டையில் விழுகிறது. பள்ளியில் நாம் படித்த வரைபடத்தில் எண்கள் கிழக்கிலும் வடக்கிலும் வளரும். இந்த முறையிலோ மேற்கிலும் தெற்கிலும் வளரும். இதை அறியாத ஓர் ஆர்வலர் நண்பர், ஒருவர் அனுமதியோடு கொடுத்த கோப்பைத் திறந்தபோது ஒரு தெரு முழுதும் எங்கோ இடம் தெரியாத மூலையில் தலைகீழாக நின்றது. இரண்டு மாலைகள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு அவர் என்னிடம் வந்தார். வரைபடத் தரவைக் கையாளும் கியூஜிஐஎஸ் என்னும் திறந்த மென்பொருளில் சரியான ஆயத்தொலை முறையைத் தேர்ந்தவுடன் வீடுகள் எல்லாம் தத்தம் மனையில் வந்து உட்கார்ந்தன. என் தொழில் கற்றுக்கொடுத்த அறிவு ஆர்வலர் பக்கத்தில் இப்படி உதவும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் நிறைகிறது.

கியூஜிஐஎஸ்ஸைக் குறிப்பிட்டதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திறந்த வரைபடக் கருவிகளைச் செய்பவர்களும் திறந்த வரைபடத்தை நிரப்புபவர்களும் ஒரே கூட்டம் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. 2002இல் கேரி ஷெர்மன் தொடங்கிய கியூஜிஐஎஸ்ஸைச் சுற்றி இருப்பவர்களில் பெரும்பாலானோர் நில அளவையிலும் திட்டமிடலிலும் சுற்றுச்சூழல் துறையிலும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள். தென்னாப்பிரிக்கரான டிம் சட்டன் அந்தத் திட்டத்தின் முன்னணியாளர்களில் ஒருவராகப் பல ஆண்டுகள் உழைத்தவர். அவர்களுடைய உலக மாநாடான ஃபாஸ்4ஜி 2008இல் கேப் டவுனில் நடந்தது. அங்கே பேசப்படுவது மென்பொருளின் வேகம், கோப்பு வடிவம், அரசு ஒப்பந்தம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்காரர்கள் கூடினால் பேச்சு வேறு: இந்தத் தபால்பெட்டி இன்னும் இருக்கிறதா, இந்தப் பாதையில் சைக்கிள் போகுமா, இந்த மரத்தடியைச் சந்தை என்று குறிக்கலாமா. முன்னவர்களுக்கு வரைபடம் ஒரு வேலையை முடிக்கும் வழி. பின்னவர்களுக்கு ஊரே பொருள். வரைபடம் அந்த ஊரை நேசிக்கும் ஒரு முறை. அரசின் தேசிய நிலப்பரப்புத் தகவல் நிறுவனம் தன் வான்படங்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஆர்வலர்கள் மேலே வைத்து வரைவதற்குத் திறந்துவிட்டதால், இந்த இரண்டு உலகங்களும் இந்த நாட்டில் ஓரளவு கைகோத்திருக்கின்றன. எங்கள் படிகளில் பலவற்றை நான் முதலில் கண்டுபிடித்தது அப்படிப்பட்ட வான்படத்தில் தெரிந்த மெல்லிய வெள்ளைக் கோடுகளாகத்தான்.

பெயர்களின் விஷயத்தில் இந்த வரைபடத்துக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். டர்பனில் 2008ஆம் ஆண்டளவில் பல தெருக்களுக்குப் பெயர் மாற்றினார்கள். பிரின்ஸ் எட்வர்ட் தெரு, இனவெறி ஆட்சியை எதிர்த்து நின்ற தமிழ்ப் பெண் மருத்துவர் குணம் அவர்களின் பெயரைப் பெற்றது. பைன் தெரு மாண்டி நாயக்கர் சாலை ஆயிற்று. கிரே தெரு டாக்டர் யூசுஃப் தாதூ தெரு ஆயிற்று. ஆனால் எங்கள் பெரியவர்கள் இன்றும் துணி எடுக்கக் கிரே தெருவுக்குத்தான் போகிறார்கள். அலுவலக வரைபடத்தில் ஒரு தெருவுக்கு ஒரே பெயர்தான், அரசு அறிவிப்பில் வந்த பெயர். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரே கோட்டுக்கு இன்றைய பெயர், பழைய பெயர், வட்டார வழக்குப் பெயர், தமிழ்ப் பெயர் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. பழைய பெயரைத் தட்டினாலும் செயலி சரியான இடத்துக்குக் கூட்டிச் செல்கிறது.

சாட்ஸ்வொர்த்தில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் இங்கே பல தெருக்களுக்கு நெடுங்காலம் பெயரே இல்லாமல் எண்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை, தெருமுனையின் விளிம்புக் கல்லில் கறுப்பு எழுத்தில் தீட்டியிருந்த பெயரை நான் குனிந்து படித்துக்கொண்டிருந்தேன். பாதி எழுத்து மழையில் அழிந்திருந்தது. எதிர் வீட்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அம்மையார் என்ன தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். “அந்தப் பேரை யாரும் சொல்ல மாட்டாங்க தம்பி, எங்களுக்கு இது நம்பர் ரோடுதான்” என்று சொல்லி, எண்ணையும் சொல்லி, அதே எண்ணுக்கு வந்த பழைய மின்கட்டணச் சீட்டு ஒன்றையும் எடுத்துவந்து காட்டினார். “ஆன்ட்டி, இரண்டையும் போட்டுடுறேன்” என்றேன், போட்டேன். களத்தில் நேரில் பார்த்தால் சரிபார்க்க முடிவதைத்தான் எழுத வேண்டும் என்பது ஆர்வலர் உலகின் முதல் விதி. தெருவில் வாழ்பவர்கள் நாள்தோறும் சொல்வதும் களத்தில் கிடைக்கும் சான்றுதான் என்பதை அன்று அவருடைய முகப்பில் நின்றுகொண்டு உணர்ந்தேன்.

கோயில்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தேடும் ஆங்கில எழுத்துக்கோவையும், இங்கே ஒன்றரை நூற்றாண்டாக வழங்கும் எழுத்துக்கோவையும் ஒத்துப்போவதில்லை. மாரியம்மன் என்ற பெயரின் கடைசி அசை இங்கே வேறு உயிரெழுத்தோடு எழுதப்படுகிறது. தேடியவருக்குக் கோயில் இல்லை என்றே செயலி சொல்லும், கோயிலோ அடுத்த தெருவில் இருக்கும். பலகையில் உள்ள பெயரை முதன்மையாகவும், தமிழ்ப் பெயரையும் மற்ற எழுத்துக்கோவையையும் துணைப் பெயர்களாகவும் சேர்த்தால் இது தீரும். இதை எந்த அலுவலகமும் செய்யாது. நம்மில் ஒருவர்தான் செய்ய வேண்டும்.

என் மனத்தை உறுத்தும் ஒன்றையும் இங்கே பதிவு செய்கிறேன். வார நாள்களில் என் மேசையில் இருக்கும் வரைபடங்களில், திறந்த வரைபடத்தில் இல்லாத பல ஒற்றையடிப் பாதைகளும் வடிகால்களும் சென்டிமீட்டர்த் துல்லியத்தில் கிடக்கின்றன. அவை வாடிக்கையாளரின் உடைமை. அவற்றிலிருந்து ஒரு கோட்டைக்கூட நான் சனிக்கிழமை வரைபடத்துக்கு எடுத்துச் செல்லக் கூடாது. தொழில் ஒழுக்கமும் அனுமதிக்காது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் விதியும் அனுமதிக்காது. ஆகவே இருப்பது தெரிந்த பாதையைத் தெரியாதவனைப் போல நடந்து கண்டுபிடிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறை நடக்கும்போதும் தாளில் இல்லாத ஏதோ ஒன்று தென்படுகிறது. பூட்டிய கதவு, புதிதாக வைத்த குழாய், சரிந்த மண். அதனால் இந்த விதியின்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

இனிக் குறைகள். 2022 ஏப்ரலில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த வெள்ளம் எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலைத் தாக்கியபோது, தண்ணீரும் உணவுப் பொட்டலமும் கொண்டுபோன ஒரு தன்னார்வக் குழுவில் நானும் இருந்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு சிறு பாலத்தின் ஒரு பக்கம் அரிக்கப்பட்டுவிட்டது. அன்று பிற்பகலே யாரோ ஓர் ஆர்வலர் அதை மூடப்பட்டது என்று குறித்துவிட்டார். நாங்கள் வரைபடத்தைப் புதுப்பித்ததும் வண்டிகள் சுற்றுவழியில் திருப்பப்பட்டன. இருட்டில் அந்தப் பக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே அஞ்சுகிறேன். அலுவலக வகையான வரைபடம் ஒன்றில் அந்த மாற்றம் ஏற வாரக்கணக்கில் ஆகியிருக்கும். இது ஆர்வலர் வரைபடத்தின் ஆகச் சிறந்த பக்கம்.

ஆனால் பாலம் சீரமைக்கப்பட்டு மாதங்கள் கழிந்த பின்னும் வரைபடத்தில் அது மூடியே கிடந்தது. குறித்தவர் திரும்பி வரவில்லை. அவர் கடமைப்பட்டவரும் அல்ல. தொழில்முறை வரைபடத்துக்குத் திரும்பி வரும் தேதி ஒன்று உண்டு. ஆர்வலர் வரைபடத்தில் திரும்பி வருவது அன்பைப் பொறுத்தது. நான் இந்த வரைபடத்தை எந்த ஊரில் திறந்தாலும் முதலில் பார்ப்பது, எத்தனை கோடுகள் இருக்கின்றன என்பதை அல்ல. அவற்றைக் கடைசியாகத் தொட்டது யார், எப்போது, அவர் அந்தப் பகுதியில் வேறு என்னென்ன செய்திருக்கிறார் என்பதைத்தான். ஒவ்வொரு மாற்றத்தின் வரலாறும் எல்லோரும் பார்க்கத் திறந்தே இருக்கிறது. ஒரே பெயர் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பகுதியை நம்பி நடக்கலாம். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கட்டடங்கள் பெயர் இல்லாமல் வந்து விழுந்து பிறகு யாரும் தொடாமல் இருந்தால், அது தொலைவிலிருந்து செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்தது. வடிவம் சரியாக இருக்கலாம், வாசல் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது.

சம்பளத்துக்கு வரைபவர்கள் இந்தத் திறந்த வரைபடத்துக்குள்ளும் வந்துவிட்டார்கள். ஆப்பிள், மெட்டா, அமேசான் போன்ற பெருநிறுவனங்கள் தங்கள் தேவைக்காக ஆட்களை வைத்து இதைத் திருத்துகின்றன. இப்படிக் குழுவாக வரைபவர்கள் தாங்கள் யார், எதற்காகச் செய்கிறோம் என்று அறிவிக்க வேண்டும் என்ற வழிகாட்டுதல் 2018இல் ஏற்கப்பட்டது. நான் அதை வரவேற்கிறேன். எங்கள் படிக்கட்டு ஒன்றை, படத்தில் சாலைபோல் தெரிந்ததால், ஊரறியாத ஒருவர் வண்டிப் பாதையாக மாற்றியிருந்தார். நான் அவருக்கு மரியாதையாக எழுதி, படியின் புகைப்படத்தையும் இணைத்தேன். இரண்டு நாளில் வருத்தம் தெரிவித்துத் திருப்பி மாற்றினார். அவர் வேலையில் அலட்சியம் இல்லை, அவர் கால் அந்தப் படியில் பட்டதில்லை, அவ்வளவுதான்.

வீட்டு எண்கள்தான் இந்த வரைபடத்தின் பெரிய ஓட்டை. சாட்ஸ்வொர்த்தின் பல தெருக்களில் ஒரு வீட்டு எண்கூட இல்லை. பொட்டலம் கொண்டுவருபவருக்கு இதைக் கொடுத்து வழி தேடச் சொல்லாதீர்கள். கடைகளின் நேரமும் நம்பத்தக்கதாக இல்லை. காரில் ஊர் விட்டு ஊர் போவதற்கு, நெரிசல் நிலவரம் தெரியாததால், வேறு செயலியை வைத்துக்கொள்வதே நல்லது. மனை வாங்குபவர்களும் மதில் கட்டுபவர்களும் இதன் கோட்டை எக்காரணத்தைக் கொண்டும் எல்லையாகக் கொள்ளக் கூடாது. எர்ஃப் எண் எனப்படும் மனை எண்ணைக் கொண்டு அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைப் பெற்று, பதிவு பெற்ற அளவையரை அழையுங்கள், செலவானாலும் பரவாயில்லை. நடப்பவருக்கும், பழைய பெயர் தெரிந்தவருக்கும், கோயில் தேடுபவருக்கும், இணைப்பு இல்லாத நேரத்தில் வழி வேண்டுபவருக்கும் இதைவிட நல்ல வரைபடம் இந்த ஊரில் நான் கண்டதில்லை. விலை ஒன்றுமில்லை, விளம்பரத் தொல்லையும் இல்லை.

அந்தப் பாலத்தின் குறியை நானே நேரில் போய்ப் பார்த்து, இரண்டு பக்கமும் வண்டி ஓடுவதைப் படம் எடுத்துக்கொண்டு நீக்கினேன். மூலத் தரவில் அந்த மாற்றம் உடனே ஏறிவிட்டது. ஆனால் எங்கள் குழுவின் வண்டி ஓட்டும் அங்கிள், வெள்ளத்தின்போது இறக்கிய அதே வரைபடத்தைப் புதுப்பிக்காமல் வைத்திருந்தார். மேலும் சில வாரங்கள் அவர் சுற்றுவழியிலேயே போய்க்கொண்டிருந்தார். ஆகவே செயலியை நிறுவுபவர்கள் மாதம் ஒரு முறையாவது வரைபடக் கோப்பைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். வீட்டில் வைஃபை இருக்கும்போது செய்தால் டேட்டா செலவும் இருக்காது.